பட்டியலில் இல்லாதது

பேருந்து நிற்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறது:
"கோர்தா! ஏய் கோர்தா!"
குண்டம்மா என்று அர்த்தம்.
இந்த ஆற்றங்கரை ஊரில் அது செல்லப்பெயர்தான்.
எனக்கு வயது நாற்பத்து மூன்று.
மொந்தேவிடேயோ துறைமுகத்தில்
என் கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டி இறங்காது.
ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார்.
நான் இறங்குகிறேன்,
வேறு எந்தக் குண்டம்மாவையோ தேடுகிறவள் மாதிரி.

அம்மா கன்னத்தில் முத்தமிட்ட கையோடு
என் காலரைப் புரட்டி
உள்ளே தைத்த அளவுச் சீட்டைப் படிக்கிறாள்.
"போன தடவையைவிட ஒண்ணு கூட"
என்று அறிவிக்கிறாள்,
டிக்கெட் வரிசையில் நிற்பவர்களுக்கு.

அப்பாவின் பெயர் வாஷிங்டன்.
அம்மாவோடு ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தவர்.
முதல் முப்பதைத் தூண்டில் காப்பாற்றியது,
மீதியைக் காதுக்கருவி.
அவள் மூச்சை இழுக்கும்போதே கழற்றி
சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
"பாட்டரி விலை தெரியுமா?" என்பார் என்னிடம்.

இறைச்சிக் கடையில்
விலா எலும்பு இரண்டு கிலோ கேட்டாள்.
ஒலிவேரா ரம்பத்தைக் கையில் எடுப்பதற்குள்
என் விவாகரத்து, என் மூலநோய் அறுவை,
என்னைவிட எட்டு வயது இளைய ராமிரோ
மூன்றும் தராசில் ஏறியாகிவிட்டது.
வரிசையில் நின்ற தொப்பிக்காரர்
மூலத்துக்கு ஒரு பச்சிலை சொன்னார்.
எப்படி அரைப்பது என்றும் சொன்னார்.
நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈரலையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்காவது யாரும் பெயர் வைக்கவில்லை.

அது போன ஜூன்.
ஊர் திரும்பும் முன்
குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டினேன்.
வெளியே பேசக்கூடாதவை:
என் எடை. என் குடல். என் கர்ப்பப்பை. ராமிரோ.
கீழே "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."
அலுவலகப் பழக்கம்.

இந்தத் தடவை வந்து பார்க்கிறேன்,
தாள் அங்கேயே இருக்கிறது,
எலுமிச்சை வடிவக் காந்தத்தின் அடியில்.
கடைசியில் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி:
"அப்ப எதைத்தான் பேசுறது?"

ஞாயிறு மதியம்
பக்கத்து வீட்டு ஐரிசும் அவள் கணவனும் வந்தார்கள்.
விறகு கனன்றது. மாட்டு விலா சொட்டியது.
அம்மா உதட்டை மடித்துக்கொண்டு
உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறினாள்.
மயோனைஸ் பற்றிக் கேட்டாள்.
மழை பற்றிக் கேட்டாள்.
கழுத்தில் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது,
மூடி போட்டுக் கொதிக்கவைத்ததுபோல.
இருபது நிமிடம்.
அப்பா கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.
தட்டிப் பார்த்தார்.
பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்து
"யாரு செத்தது?" என்றார்.

அவ்வளவுதான்.
"இவ ஒன்பது வயசுவரைக்கும் படுக்கையை நனைச்சா!"
என்று வெடித்தாள் அம்மா.
ஐரிசின் முள்கரண்டி பாதியில் நின்றது.
நான் திரும்பியதும்
இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்,
சோதனைச்சாவடியில் நிற்பவள்போல:
"அது பட்டியல்ல இல்லையே!"

இல்லைதான்.

திரும்பும் பேருந்தில்
என் பக்கத்து இருக்கைக்காரி
மாதே சுரைக்குடுவையை நீட்டி
"அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றாள்.
ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.
கார்தோனா வருவதற்குள்
அம்மாவின் பல்செட், அது கோப்பைக்குள் விழுந்த கதை,
அவள் புருவத்துக்குச் சாயம் பூசிப் பச்சையானது,
அவளுடைய கர்ப்பப்பை இறங்கியதும்
மருத்துவர் அதை ஏற்றி வைத்ததும்,
தொப்பிக்காரரின் பச்சிலை,
அதை நான் அரைத்துப் பார்த்ததும்கூட
சொல்லி முடித்திருந்தேன்.
அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
நான்கு வரிசை தள்ளி யாரோ சிரித்தார்கள்.
அப்போதுதான் என் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று
எனக்கே கேட்டது.

முன்னால், கண்ணாடியில்,
அதே ஓட்டுநர்.
மடியில் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா,
மூடியில் மை பேனாவால் பெரிதாக
கோர்தா.
எழுத்து தெரியாதபடி
அதன்மேல் கையை வைத்துக்கொண்டு
"அப்புறம் கேளுங்க" என்றேன்.